முறிந்தது திறப்புத்தான், பூட்டில்லை

போன வருசம் எங்கட ஊரில் ஒரு செத்தவீடு. விடியப்புறம் நாலு மணிக்கு ஒரு ஐயா தவறிப்போனார். ஏழு மணிக்கு அவரின் மகன் என் பெரியம்மாவைத் தேடி வந்தார். பெரியம்மா ஊர் மரண சகாய சங்கத்தின் பொருளாளர். அங்கத்தவர் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் அன்றைக்கே 40,000 ரூபா கையில் கொடுப்பது சங்கத்தின் வழக்கம். பந்தல், சவப்பெட்டி, வாகனம், வாற சனத்துக்குத் தேத்தண்ணி எல்லாத்துக்கும் முதல் காசு அதுதான்.

சங்கத்தின் இரும்புப்பெட்டி சனசமூக நிலையத்தின் பின்னறையில் இருக்கிறது. பழைய பெட்டி, ரெண்டு பேர் சேர்ந்தாலும் அசைக்க ஏலாது. பெரியம்மா சேலைத் தலைப்பில் முடிந்திருந்த திறப்பை எடுத்துப் பூட்டில் போட்டுத் திருப்பினா. கொஞ்சம் திரும்பிவிட்டு இறுகினது. கொஞ்சம் பலமாகத் திருப்பினா. 'டிக்' என்று ஒரு சத்தம். திறப்பின் வளையமும் அரைத் தண்டும் அவவின் கையில். பல்லுள்ள பக்கம் பூட்டுக்குள்.

அடுத்த பத்து நிமிசத்தில் அந்தச் சின்ன அறைக்குள் ஒரு பன்னிரண்டு பேர். "மற்றத் திறப்பு எங்க?" என்றார் ஒருவர். அது முன்னாள் தலைவரிடம் இருந்தது. அவர் கனடாவுக்குப் போய் ஆறு வருசம். வட்ஸ்அப்பில் கேட்டால், கொண்டுவந்தேனா வீட்டில் வைத்தேனா என்று அவருக்கே ஞாபகமில்லை. ஒரு தம்பி சுப்பர் குளூ வாங்க ஓடினான். இன்னொருவர் வெல்டிங் கடையிலிருந்து கிறைண்டரோடு வந்து நின்றார். இவ்வளவுக்கும் நடுவில் பின்னுக்கு நின்ற ஒருவர் மெல்லமாக, ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒன்று சொன்னார்:

"உள்ளுக்க காசு இருக்கோ எண்டு ஆருக்குத் தெரியும்? திறப்பு தானா முறிஞ்சுதோ, முறிச்சதோ?"

இந்தக் கட்டுரையை நான் எழுதுவது அந்த ஒரு வசனத்துக்காகத்தான். ஆனால் அதுக்கு முதல் பூட்டைப் பற்றிக் கொஞ்சம் கதைக்க வேண்டும். ஏனென்றால் அன்றைக்கு அந்த அறையில் பூட்டுக்குச் செய்யப்பார்த்த அநியாயமும் பெரியம்மாவுக்குச் செய்த அநியாயமும் ஒரே மாதிரியானவை. முறிந்தது ஒன்று. உடைக்க வெளிக்கிட்டது இன்னொன்றை.

திறப்பு ஏன் முறிகிறது?

திறப்பு ஒருநாளில் முறிவதில்லை. இப்படியான பெட்டிகளுக்கு வருவது பெரும்பாலும் நீளத் தண்டும் இரண்டு பக்கமும் வெட்டின பல்லும் உள்ள திறப்பு. பித்தளையில் செய்து மேலே வெள்ளிநிறப் பூச்சுப் பூசியிருப்பார்கள். பல் தொடங்குகிற இடத்தில்தான் உலோகம் மெல்லிசு. ஒவ்வொரு முறை இறுக்கித் திருப்பும்போதும் அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெடிப்பு ஒரு மயிரளவு வளரும். கம்பியை வளைத்து நிமிர்த்தி, வளைத்து நிமிர்த்தி முறிக்கிற மாதிரித்தான். கடைசியாகத் திருப்பியவரின் கையில் அது முறியும். அதுக்காக அவர்தான் முறித்தார் என்று இல்லை. அதுக்கு முதல் பத்து வருசம் திருப்பின எல்லாருமே கொஞ்சம் கொஞ்சமாக முறித்தவர்கள்தான்.

சரி, ஏன் இறுக்கித் திருப்ப வேண்டி வருகிறது? பெட்டிக் கதவில் இரண்டு வேலை நடக்கிறது. கதவைப் பிடித்துவைத்திருக்கிற தடித்த இரும்புத் தாழ்களை இழுப்பது கைபிடி. அந்தக் கைபிடியை அசையவிடாமல் மறித்து நிற்கிற ஒரு சின்னத் தாழை நகர்த்துவதுதான் திறப்பின் வேலை. அந்தச் சின்னத் தாழ் சும்மா நின்றால் ஒரு பிள்ளைகூடத் திறக்கலாம். ஆனால் நாங்கள் அவசரத்தில் ஒரு கையால் கைபிடியை அமத்திக்கொண்டே மற்றக் கையால் திறப்பைத் திருப்புகிறோம். கைபிடியின் முழுப் பாரமும் அந்தச் சின்னத் தாழில் ஏறுகிறது. உள்ளே கொப்பிகளை நெருக்கி அடைந்து கதவை முழங்காலால் தள்ளிப் பூட்டினாலும் இதே கதைதான், கதவு வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். அந்தப் பாரம் எல்லாம் கடைசியில் விரல் மொத்தம்கூட இல்லாத ஒரு பித்தளைத் தண்டில் வந்து விழுகிறது.

ஆகவே முதல் புத்தி இதுதான்: கைபிடியைப் பூட்டுகிற பக்கம் தள்ளி, கதவை உள்ளுக்கு அமத்திப் பிடித்துக்கொண்டு திறப்பைத் திருப்புங்கள். இறுகினால் நிற்பாட்டுங்கள். பலம் காட்டாதேங்கோ.

முறிந்த பிறகு செய்யக்கூடாதவை

சுப்பர் குளூ வேண்டாம். ஈர்க்கில் நுனியில் பசை தடவி முறிந்த துண்டில் ஒட்டி இழுக்கலாம் என்று யூரியூப்பில் பார்த்திருப்பீர்கள். பசை தண்ணி மாதிரி ஓடும். துண்டை ஒட்டுவதுக்கு முதல் பூட்டுக்குள் இருக்கிற தகடுகளை ஒட்டிவிடும். பிறகு நல்ல திறப்பே வந்தாலும் வேலை செய்யாது.

வேறு திறப்பைப் போட்டு நோண்ட வேண்டாம். அது துண்டை இன்னும் உள்ளே தள்ளும். சமையலறைத் தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். அது கொஞ்ச நாளில் தூசியோடு சேர்ந்து பிசின் ஆகிவிடும். காந்தமும் உதவாது, பித்தளையைக் காந்தம் இழுக்காது.

கையில் மிஞ்சின பாதியை எறியாதேங்கோ. புதுத் திறப்பு வெட்ட இரண்டு பாதியும் தேவைப்படும். அதைப் படம் எடுத்து வட்ஸ்அப் குறூப்பில் போடவும் வேண்டாம். பல் தெளிவாகத் தெரிகிற ஒரு படத்தைப் பார்த்தே இன்னொரு திறப்பு வெட்டத் தெரிந்த ஆக்கள் இருக்கினம்.

அடுத்தது கிறைண்டர். அது கடைசி வழி. முதல் வழியாக எடுக்கவே கூடாது. வெட்டுகிற இடத்தில் தகடு சிவக்கச் சூடாகும், பொறி உள்ளேயும் பறக்கும். உள்ளே இருப்பது காசு, பதிவுப் புத்தகம், சிலவேளை யாரோ நம்பி வைத்த காணி உறுதி. எல்லாம் கடதாசி. இடம்பெயர்ந்த காலத்தில் வீட்டை விட்டு, ஆடு மாட்டை விட்டு, உறுதியை மட்டும் ஒரு பொலித்தீன் பையில் சுத்தி நெஞ்சோடு கட்டிக்கொண்டு வந்த சனம் நாங்கள். ஷெல்லுக்குத் தப்பின உறுதியைக் கிறைண்டருக்குக் கொடுப்பதா? இன்னொன்றும் இருக்கிறது. நல்ல பெட்டிகள் சிலவற்றில், அடித்தாலோ துளைத்தாலோ தானாக விழுந்து கதவை நிரந்தரமாக மறிக்கிற இரண்டாவது பூட்டு ஒன்று உள்ளே ஒளிந்திருக்கும். கள்ளனுக்காக வைத்தது. நீங்கள் உரிமைக்காரர் என்று அதுக்குத் தெரியாது.

செய்ய வேண்டியது

பெரியம்மாவின் நல்லகாலம், என் அம்மா கதவுக்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டு இருந்துவிட்டா. "ரவுனில இருந்து திறப்பு வெட்டுற தம்பி வரும் வரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாது" என்றா. அந்த அண்ணை மோட்டார் சைக்கிளில் வர ஒன்பதரை ஆனது.

அவர் பையைத் திறக்க முதல் மூன்று கேள்வி கேட்டார். முறியேக்க திறப்பு எவ்வளவு திரும்பியிருந்தது? முறிஞ்சாப் பிறகு ஆராவது எதையாவது உள்ளுக்க விட்டவையோ? கைபிடியை ஆராவது அமத்தினவையோ? டோச் லைட்டைப் பிடித்துத் துவாரத்துக்குள் கனநேரம் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"பயப்பிடாதேங்கோ அம்மா. பல்லு முழுசா உள்ளுக்க, அதிட இடத்திலதான் கிடக்கு. பூட்டுக்கு வேண்டியது பல்லுத்தான். வளையம் எங்கட கைக்கு வேண்டியது."

இதைவிட எளிமையாக ஒரு பூட்டை எனக்கு யாரும் விளக்கியதில்லை. இந்த வகைப் பூட்டுக்குள்ளே லீவர் என்று சொல்லுகிற தகடுகள் அடுக்காக நிற்கின்றன. திறப்பின் ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு தகட்டைச் சரியான உயரத்துக்குத் தூக்க வேண்டும். எல்லாத் தகடும் சரியாக நின்றால் தாழ் நகரும். பல் உள்ளே முழுதாக இருக்கும்வரை பூட்டைப் பொறுத்தவரை திறப்பு வந்துவிட்டது. அதைத் திருப்ப ஒரு கைதான் இல்லை.

அண்ணை என்னைக் கூப்பிட்டு, கதவை முழங்காலால் உள்ளுக்கு அமத்திப் பிடிக்கச் சொன்னார். இரண்டு மெல்லிய உருக்குப் பட்டிகளைத் துண்டின் இரண்டு பக்கமும் இறக்கினார். கொஞ்சம் திருப்பி, விட்டு, மறுபடி கொஞ்சம் திருப்பி, நாற்பது நிமிசம். ஒரு இடத்தில் உள்ளே மெல்லிய சத்தம் கேட்டது. கைபிடி இறங்கியது. கதவு திறந்த பிறகு பின்பக்கத்து ஆணிகளைக் கழற்றி, பூட்டையே வெளியே எடுத்து, துண்டை விரலால் எடுத்துத் தந்தார். ஒரு கீறல் இல்லை. கூலி 3,500 ரூபா.

எப்போதும் இப்படி அமையாது. பல்லே துண்டாகியிருந்தால், முதலில் அதைத் திறப்புப் போடுகிற நேர்நிலைக்குத் திருப்பிக் கொண்டுவந்து, கொக்கி உள்ள மெல்லிய கம்பியால் வெளியே இழுக்க வேண்டும். திரும்பி நிற்கிற நிலையில் எவ்வளவு இழுத்தாலும் வராது. வீட்டில் நீங்கள் முயற்சி செய்யலாம் என்றால் ஒரே ஒரு நிலைமையில்தான்: திறப்பு திரும்பாமல், நேராக நிற்கும்போதே முறிந்து, துண்டின் முனை வெளியே தெரிகிறது. அப்போது ஒரு மெல்லிய குறட்டால் பிடித்து நேராக இழுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் தொழில் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். பழைய தேய்ந்த திறப்பை அப்படியே பார்த்து வெட்டினால் தேய்மானமும் சேர்ந்துதான் வெட்டுப்படும் என்பதையும் அவரிடமே கதைத்து, பூட்டின் தகடுகளை அளந்து வெட்டச் சொல்லுங்கள்.

அவசரம் யாருக்கு?

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். செத்தவீட்டுக்கு வேண்டிய 40,000 ரூபா ஏழே முக்காலுக்கே கிடைத்துவிட்டது. சந்திக் கடை அண்ணை தன் கல்லாவிலிருந்து எடுத்துத் தந்தார். செயலாளர் ஒரு கொப்பியில் எழுதி, மூன்று பேர் கையெழுத்து வைத்தார்கள். பந்தல் போட ஆள் போயாயிற்று.

அதுக்குப் பிறகும் கிறைண்டரோடு வந்தவர் போகவில்லை. அந்தப் பன்னிரண்டு பேரும் போகவில்லை. இன்னும் சிலர் வந்தார்கள். அப்பத்தான் எனக்கு விளங்கியது, அந்த அவசரம் செத்தவீட்டுக்கானது இல்லை. உள்ளே காசு இருக்கிறதா என்று பார்க்கிற அவசரம். ஒன்பது வருசம் ஒரு சதம் பிசகாமல் கணக்கு வைத்த ஒரு மனுசி மூலையில் நிற்கிறா. கையில் முறிந்த வளையம். அவவை ஒருவரும் இருக்கச் சொல்லவில்லை.

பெட்டி திறந்ததும் எல்லாருக்கும் முன்னால் எண்ணினார்கள். புத்தகத்தில் 186,450 ரூபா. பெட்டியிலும் 186,450 ரூபா. ஒருவர் "நாங்கள் சந்தேகப்படேல்லை அக்கா, பொதுக்காசு எண்டபடியால்..." என்று இழுத்தார். மற்றவர்கள் செத்தவீட்டுக்கு நேரம் போச்சு என்று வெளிக்கிட்டார்கள். மன்னிப்பு என்ற சொல்லை ஒருவரும் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தில் பெரியம்மா, "எனக்கும் வயசு போச்சுது, ஆரும் இளம் பிள்ளையளிட்டக் குடுங்கோ" என்று பதவியை விட்டா. பூட்டைக் காப்பாற்றிவிட்டோம். பெரியம்மாவைக் காப்பாற்றவில்லை.

கேள்வி கேட்பது பிழையா?

இல்லை. பொதுக்காசைப் பற்றி ஊர் கேள்வி கேட்கத்தான் வேண்டும். எங்கட ஊர்களில் சங்கக் காசு, கோயில் காசு, சீட்டுக் காசு காணாமல் போன கதைகள் எல்லாருக்கும் தெரியும். 'நம்பிக்கைதான் முக்கியம், கணக்குக் கேட்காதே' என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் கேள்வியை எப்ப கேட்கிறோம், யாரிடம் கேட்கிறோம் என்பதில்தான் பிரச்சினை.

ஒரு திறப்பு கனடாவில் தொலைந்து ஆறு வருசம். இந்த ஆறு வருசமும் ஒரு கூட்டத்திலாவது யாராவது "மற்றத் திறப்பு ஆரிட்ட?" என்று கேட்டார்களா? கூட்டக் குறிப்புகளை நான் பிறகு எடுத்து வாசித்தேன். ஒரு தடவைகூட இல்லை. பொருளாளர் ஒருவரிடமே ஒற்றைத் திறப்பைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தோம். அதுக்கு நம்பிக்கை என்று பெயர் வைத்தோம். உண்மையில் அது சோம்பல். அந்தச் சோம்பலின் விலையை, முறிந்த அன்றைக்கு அவவிடம் அறவிட்டோம்.

பூட்டுச் செய்தவர்கள் இந்தப் பிரச்சினையை இருநூறு வருசத்துக்கு முதலே யோசித்திருக்கிறார்கள். 1817இல் இங்கிலாந்தில் போர்ட்ஸ்மத் கப்பற்துறையில் ஒரு களவு நடந்தது. அதன் பிறகு, சொந்தத் திறப்பைத் தவிர வேறொன்றாலும் திறக்க முடியாத ஒரு பூட்டைச் செய்யும்படி அரசாங்கம் போட்டி வைத்தது. 1818இல் ஜெரமையா சப் என்பவர் ஒரு பூட்டைச் செய்து காப்புரிமை பெற்றார். அதில் ஒரு புதுமை இருந்தது. பிழையான திறப்பாலோ கம்பியாலோ யாராவது நோண்டி ஒரு தகட்டை அளவுக்கு மேலே தூக்கினால், அது அங்கேயே பிடிபட்டு நிற்கும். பிறகு உரிமைக்காரர் வந்து சரியான திறப்பைப் போட்டாலும் உடனே திறக்காது. யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று அவருக்கு விளங்கிவிடும். அதுக்கென்று இருந்த ஒரு தனித் திறப்பால் விடுவித்த பிறகுதான் திறக்கலாம். அந்தப் பூட்டும் வெல்ல முடியாததாக இருக்கவில்லை. 1851இல் ஆல்பிரட் ஹொப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டுத் தொழிலாளி லண்டனில் அதைத் திறந்து காட்டினார். ஆனாலும் அந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. சாட்சி பூட்டுக்குள்ளேயே இருக்கிறது. வீட்டு வேலைக்காரரையோ கணக்கப்பிள்ளையையோ கூப்பிட்டு முகத்தைப் பார்த்துச் சந்தேகப்படத் தேவையில்லை.

எங்கட சங்கங்களுக்கும் அப்படி ஒரு சாட்சி வேண்டும். பெரிய செலவு இல்லை. பெட்டிக்கு எப்போதும் இரண்டு திறப்பு இருக்க வேண்டும். ஒன்று பொருளாளரிடம். மற்றது ஒரு உறையில் போட்டு, ஒட்டி, ஒட்டின இடத்தில் மூன்று பேர் கையெழுத்து வைத்து, நிர்வாகத்தில் இல்லாத ஒருவரிடம். வருசாந்தக் கூட்டத்தில் அந்த உறையை எல்லாருக்கும் காட்ட வேண்டும். வருசம் ஒருமுறை அதைப் பிரித்து, அந்தத் திறப்பாலேயே பெட்டியைத் திறந்து பார்த்து, மறுபடி ஒட்ட வேண்டும். வெளிநாடு போகிறவர் பயணம் சொல்ல வரும்போது திறப்பைக் கையில் தந்துவிட்டுப் போக வேண்டும். பெட்டி திறக்கிற ஒவ்வொரு முறையும் திகதி, தொகை, பக்கத்தில் நின்ற இன்னொருவரின் கையெழுத்து. ஒரு செத்தவீட்டுக்கு வேண்டிய அளவு காசு பெட்டியில் இருந்தால் போதும். மிச்சம் வங்கியில், இரண்டு பேர் கையெழுத்தில்.

"சின்னச் சங்கம், எல்லாரும் சொந்தக்காரர், இவ்வளவு சட்டம் என்னத்துக்கு?" என்று கேட்பீர்கள். சொந்தக்காரர் என்றபடியால்தான். அந்நியரிடம் வேலை பார்த்த கணக்காளர் மேல் சந்தேகம் வந்தால் அவர் வேறு வேலை தேடலாம். பெரியம்மா எங்கே போவா? அதே கோயிலுக்கு, அதே சங்கக்கடைக்கு, அதே செத்தவீடுகளுக்குத்தான் அவ போய் வர வேணும். இந்தச் சட்டங்கள் காசைக் காப்பதைவிட, காசு வைத்திருக்கிறவரைக் காப்பதுக்குத்தான் கூட வேண்டும்.

இப்ப எங்கட சங்கத்தின் பொருளாளர் என் வயதுப் பிள்ளை ஒருத்தி. பொறுப்பெடுத்த அன்றைக்கே இரண்டு திறப்பும் வெட்டுவித்து உறையில் போட்டுவிட்டாள். உறை யாரிடம் இருக்க வேண்டும் என்று கூட்டத்தில் கேட்டபோது, முன்வரிசையிலிருந்து இரண்டு மூன்று பேர் பெரியம்மாவின் பெயரைச் சொன்னார்கள். அவர்களில் ஒருவர் அன்றைக்குப் பின்னுக்கு நின்று கதைத்தவர்.

பெரியம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டா.